சீர்வரிசை மெஷின்

சிந்துஜா உக்கடத்துக்குப் போனது வாஷிங் மெஷினுக்குப் பம்ப் வாங்குவதற்காக அல்ல. பம்ப் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரே ஆளோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் புரியும். "தேடிப் பார்த்தேன், எங்கயுமே இல்லீங்க" என்று புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு நடையாவது போய்வந்திருக்க வேண்டும். அவளுக்குச் சுத்தமாகப் பொய் சொல்ல வராது. பாதி உண்மை கையில் இருந்தால் மீதியைச் சமாளித்துக்கொள்வாள்.

மெஷின் அவளுடைய கல்யாணச் சீரில் வந்தது. துகில் கம்பெனியின் 'வெண்பட்டு'. பட்டுப்புடவையையே உள்ளே போடலாம், ஜரிகையில் ஓர் இழைகூடக் கலையாது என்று அந்த வருடம் ஊரெல்லாம் விளம்பரம். பெண்ணைப் பெற்றவர்கள் மயங்கிவிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து கோபி வரைக்கும் எந்த மண்டபத்தில் எட்டிப் பார்த்தாலும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு வெண்பட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. பிறகு கம்பெனியை வெளிநாட்டுக்காரன் வாங்கினான், அந்த மாடலை நிறுத்தினான், பார்ட்டையும் நிறுத்தினான். எட்டு வருடமாகிறது.

மற்ற பெண்களெல்லாம் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இவள் வீட்டில் மட்டும் அது முனகிக்கொண்டே ஓடியது. போன செவ்வாய்க்கிழமை முனகுவதையும் நிறுத்தி, அழுக்குத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாங்க" என்றாள்.

"வேண்டாம்" என்றான் ரகுபதி. "பார்ட் தேடுவோம். மெஷினை மட்டும் யாருக்கும் குடுத்துடாதே."

சொன்ன வேகத்தில் அவனுக்கே மூச்சு வாங்கியது. ரகுபதிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடமாகிறது. இடுப்பில் ஒரு பெல்ட் கட்டியிருப்பான். அதற்குள் விரல் பருமன் வடிகட்டியும் குட்டி பம்ப்பும் இருந்துகொண்டு ராப்பகலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும். பெல்ட் கட்டியவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் அது யாருக்கும் அதிசயமாக இல்லை. வார்ப்பட ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்கு அதைக் கட்டிக்கொண்டேதான் போய்வந்தான். எதிலும் விட்டுக்கொடுத்துப் போகிறவன் இந்த மெஷின் விஷயத்தில் மட்டும் முரடனாகிவிடுவான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று பின்பக்க பால்கனியில் அதோடு கதவைச் சாத்திக்கொண்டவன் வெளியே வர அரைநாள் ஆனது. "எனக்குத் தாலி கட்டுனீங்களா, அதுக்குக் கட்டுனீங்களா?" என்று அவள் கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

இப்போது அவன் ஓசூர் போயிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவான். சிந்துஜா அன்று மூன்று மணிக்கு எக்ஸ்சேஞ்ச் லாரியை வரச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்து இயற்பியல் கூடத்தில் உதவியாளர் என்பதால் ஸ்க்ரூ டிரைவர் அவளுக்கு அகப்பை மாதிரி. மெஷினின் கீழ்மூடியைக் கழற்றி, செத்துப்போன பம்ப்பை உருவி, ஒரு கேரிபேகில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். லாரி வந்தால் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக் கனகம் அக்காவிடம் சாவியைக் கொடுத்திருந்தாள்.

உக்கடத்துப் பழைய சாமான் சந்தில் நாலு கடைக்காரர்கள் பம்ப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கையை விரித்தார்கள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஐந்தாவது கடை சிராஜ் பாயுடையது. இதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டால் மனசாட்சிக்குப் போதும் என்று ஏறினாள்.

சிராஜ் பாய்க்கு அறுபது வயதிருக்கும். பம்ப்பை வாங்கித் துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பினார். "வெண்பட்டு பம்ப்பா? கிடைச்சாத் தங்கங்க்கா" என்று சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்து அதன்மேல் ஒட்ட வைத்தார். போன் ஒரு தடவை சிணுங்கியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து போய் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எங்க வாஷிங் மெஷின்ல இருந்து கழட்டுனதுங்க பாய்."

"அக்கா, நான் உங்களைப் போலீஸ்ல சொல்லமாட்டேன். பயப்படாமச் சொல்லுங்க."

"இதுல பயப்பட என்ன இருக்குதுங்க? நானே இன்னிக்குக் காலைல கழட்டுனேன்."

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது துணி துவைக்கற பம்ப் இல்லீங்க. ஆஸ்பத்திரி பம்ப். ஆளு இடுப்புல ஓடுனது. கம்பெனி ஒண்ணுதான், அச்சும் ஒண்ணுதான், உள்ள இருக்கற நம்பர் வேற. இந்த மாதிரி நம்பர் பழைய சாமானுக்கு வருதுன்னா அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. கட்டியிருந்தவரு மவுத்தாகி, வீட்டுக்காரங்க பெல்ட்டைக் கழட்டி வித்திருக்கணும்."

சிந்துஜா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். செத்தவர் பம்ப்பையா காலையிலிருந்து கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தோம்? "யாருது அது?" என்றாள்.

"ஆள் மாறிடக் கூடாதுன்னு பேரை உள்ளேயே எழுதியிருப்பாங்க." பாய் போனை அவள் பக்கம் திருப்பினார்.

பெயர்: ரகுபதி. ஊர்: சிங்காநல்லூர். பொருத்திய நாள் ஆறு வருடத்துக்கு முந்தையது. அந்தத் தேதி அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எல்லாச் சாமிக்கும் சேர்த்து ஒரே வேண்டுதலாக வைத்தவள் அவள்தான்.

"இல்லீங்க பாய்" என்றாள். "அவரு காலைல போன் பண்ணுனாரு. இட்லி சாப்பிட்டேன்னாரு."

அசட்டுத்தனமான பேச்சுதான். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் வேறு சாட்சி இல்லை. ஓசூரில் ஒரு மனிதன் இட்லி சாப்பிட்டிருக்கிறான், ஆகவே அவன் சாகவில்லை. சாகவில்லை என்றால் அவன் இடுப்பில் ஒரு பம்ப் ஓடவேண்டும். அவனுடைய பம்ப் இங்கே இந்த மேஜைமேல் கிடக்கிறது. அப்படியானால் அங்கே ஓடுவது எது?

பாய்க்கு அவளுக்கு முன்பே விளங்கிவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க்கா. உங்க வீட்டுக்காரரு மாத்திப் போட்டிருக்காரு. அவரு பம்ப்பு மெஷினுக்கு, மெஷின் பம்ப்பு அவருக்கு."

"வாஷிங் மெஷின் பம்ப்பையா? ஒடம்புலயா?"

"பட்டு நூல் அறுந்துடக் கூடாதுன்னு உரசலே இல்லாம செஞ்ச பம்ப்புங்க அது. ரத்த அணுவும் அப்படித்தானாம், உரசுனா உடைஞ்சுபோயிடுமாம். இதையே ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கிட்டாங்க. பெல்ட்டுல நாளெல்லாம் ஓடறதால அஞ்சு வருஷம்தான் தாங்கும், சிலது மூணே வருஷம். மாத்தணும்னா பார்ட் இல்ல. மெஷினை நிறுத்துன கம்பெனி மூணரை வருஷம் முன்னால இதையும் நிறுத்திடுச்சு."

"புது பெல்ட் வாங்கிக் கட்டிக்கலாமில்லீங்க?"

"புது பெல்ட்டு பழைய ஓட்டையில சேராதாம். மறுபடியும் ஆபரேஷன். அதுக்கு நாலு வருஷம் வரிசைல நிக்கணும். அதுவரைக்கும் ரத்தம் சும்மா இருக்குமா? அதனால இப்படி ஒரு வழி. வெளிய தெரிஞ்சா பெல்ட்டைப் பிடுங்கிடுவாங்க. அனுமதியில்லாத பார்ட் போட்டா வைத்தியமே பார்க்கக் கூடாதுன்னு சட்டம். அதனால யாரும் மூச்சுவிடறதில்ல." பாய் மேஜையறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "நாப்பத்திமூணு பேரு. எல்லாம் பம்ப்புக்காகக் காத்திருக்கறவங்க. இந்த ரெண்டு வருஷத்துல எனக்குக் கிடைச்சது ஆறே ஆறு. எந்தெந்த வீட்ல வெண்பட்டு நிக்குதுன்னு தெரிஞ்சா காலைப் பிடிச்சாவது வாங்கிடுவேன். கம்பெனி கைமாறுனதோட அந்த விவரமெல்லாம் போயிடுச்சுங்க்கா. தெரிஞ்சவங்க யாருமில்ல."

நிறுத்திவிட்ட பார்ட் என்றால் யாருக்கும் வேண்டாத பார்ட் என்றுதான் சிந்துஜா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் 'கிளினிக்கில் பம்ப் மாத்திட்டாங்க' என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைப் பாயிடமும் சொன்னாள். அது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தன் ரத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் அவள் சுண்டல் தாளித்துக்கொண்டு கேலி பேசியிருக்கிறாள். மூன்று வருடமாக அவன் கழற்றிப்போட்ட பம்ப்தான் அவர்களுடைய துணியையும் துவைத்திருக்கிறது.

"அழாதீங்க" என்றார் பாய். "விவரமான மனுசன். வெண்பட்டுல ரெண்டு பம்ப் உண்டு. கீழ இருக்கறது அழுக்குத் தண்ணிக்கு. மேல உள்ளுக்குள்ள இருக்கறது பட்டுக்குத் தண்ணி தூவ. நீங்க பட்டு பட்டனை எத்தனை தடவை அமுக்கியிருப்பீங்க?"

"தீபாவளிக்கு ஒருக்கா."

"அப்ப அது இன்னும் புதுசு. இவரு போட்டு மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். அதுக்கப்புறம் அந்த மேல் பம்ப்பு. அஞ்சு வருஷ உசுரு உங்க வீட்டு பால்கனில நிக்குது. மெஷினைக் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்குங்க."

சிந்துஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தைந்து.

பம்ப்பை வாரிப் பைக்குள் போட்டவள் பாயிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆட்டோவில் ஏறியதும் கனகம் அக்காவைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எக்ஸ்சேஞ்ச் லாரிக்காரர்கள் மெஷினை எடுத்துப் போகிற ரகம் இல்லை. வாசலிலேயே நசுக்கித் தகடாக்கிவிடுவார்கள். பழசு மறுபடி யார் கைக்கும் போகக்கூடாது என்பது சட்டம். சுங்கம் சந்திப்பில் சிக்னல் விழுந்தது. "அண்ணா, தள்ளிக்கிட்டுப் போங்க, ஒரு உசுரு" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நடைபாதையில் ஏற்றினார்.

அடுக்ககத்தின் முன்னால் லாரி நின்றுகொண்டிருந்தது. யாருடைய ஃப்ரிட்ஜோ அதன் வாய்க்குள் முறுக்கிக்கொண்டு உள்ளே போனது. பின்பக்கத் தூக்குமேடையில் அடுத்த ஆளாக வெண்பட்டு. நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு அவள் வைத்த சந்தனப் பொட்டோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

சிந்துஜா ஓடிப்போய் மேடையில் ஒரு காலை வைத்து மெஷினைக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா! கை போயிடும், எறங்குங்க!" லாரியோடு வந்த பச்சைச் சட்டைக்காரர் பதறி மேடையை நிறுத்தினார்.

"குடுக்கலீங்க. எறக்குங்க."

"நீங்கதானே புக் பண்ணுனீங்க?"

"நான்தான் பண்ணுனேன், நான்தான் வேண்டாங்கறேன். எறக்குங்கன்னா!"

"ஏம்மா சிந்து, என்ன ஆச்சு உனக்கு?" என்று கனகம் அக்கா படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு மாடியிலிருந்தும் தலைகள் நீண்டன. அவளுக்கு வெட்கமே இல்லை. பாயின் நோட்டில் இருந்த நாற்பத்திமூன்று பேர் ஒரு நொடி மனதில் வந்தார்கள். எவர் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், இது என் வீட்டுக்காரருடையது என்று நினைத்தாள். நினைத்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

பச்சைச் சட்டைக்காரர் கையிலிருந்த கருவி சிவப்பாகக் கத்தியது. "இதுல ஏதோ தப்பான பார்ட் இருக்கற மாதிரிக் காட்டுதுங்களே?"

தோளில் தொங்கிய பையை அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். கழற்றிய பம்ப் அதற்குள்தானே இருக்கிறது. "சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிடக்குது, அதுக்கெல்லாம் கத்துமா இருக்கும்" என்றாள். அவருக்கும் இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மெஷினை இறக்கினார்.

நாலு பேரைப் பிடித்து பால்கனிக்கு ஏற்றியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். இனிமேல் இதை நம்பி வெளியே வைக்க முடியாது. மேல் பம்ப்பைக் கழற்றி பீரோவில், நகைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டியதுதான். மேல்மூடியைத் திறந்து, நாலு ஸ்க்ரூவைச் சுழற்றி எடுத்தாள். விரலளவு பம்ப் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு, சும்மா ஒரு நிம்மதிக்காக, பாய் செய்தமாதிரி போனை எடுத்து ஒட்ட வைத்தாள்.

போன் சிணுங்கியது.

பெயர்: இனியமலர். ஊர்: அன்னூர். வயது: ஐந்து. பொருத்திய நாள் நாலு வருடத்துக்கு முந்தையது.

சிந்துஜா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி ஒட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் அதே பெயர்தான் வந்தது. லாரிக்காரரின் கருவி கத்தியது பையிலிருந்த பம்ப்புக்காக இல்லை.

ரகுபதி வந்து கதவைத் தட்டியபோது ஆறரை மணி. பால்கனியில் பிரித்துப்போட்ட மெஷினையும், தரையில் இரண்டு பம்ப்பையும், நடுவில் பெண்டாட்டியையும் பார்த்தான். கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"யாரு இனியமலர்?" என்றாள்.

அவன் பால்கனிக் கதவைச் சாத்தினான். "ஒரு கொழந்தை. இப்ப ஒம்பது வயசு. நாலு மாசத்துக்கு முன்னால கிளினிக்ல பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. அதோட பெல்ட்டு கத்திக்கிட்டே இருந்துச்சு சிந்து. அந்தப் புள்ள சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு துண்டை வெச்சுப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாளுதான் தாங்கும்னுட்டாங்க. அவங்கம்மா யாரைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"அதனால தூக்கிக் குடுத்துட்டீங்க."

"அதோட பம்ப்பை இதுல மாட்டிட்டேன், பேரு வெளிய வந்தா ரெண்டு பெல்ட்டையும் பிடுங்கிடுவாங்க, அதான் மெஷினைக் குடுக்காதேன்னேன். எனக்கு ரெண்டு வருஷம் இருக்குது. அதுக்கு ரெண்டு நாளு."

"ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு யாரு இருக்காங்க? அதை யோசிச்சீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலீங்களா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

மூன்றரை மணிக்கு நடுத்தெருவில் மெஷினைக் கட்டிக்கொண்டு அவள் நினைத்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அவன்மேல் ஆத்திரம், தன்மேல் ஆத்திரம், முகம் தெரியாத அந்தக் குழந்தைமேலும் ஒரு துளி ஆத்திரம். எல்லாம் சேர்ந்து வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் இடுப்பில் பம்ப் ஓடுகிற மெல்லிய ர்ர்ர் சத்தம் கேட்டது. மூன்று வருடமாகப் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். இது தன் சீரில் வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

அந்த நினைப்பில் அழுகை நின்றது.

"ஏங்க" என்றாள். "நம்ம கல்யாணத்தும்போது அந்த வருஷம் எல்லாருக்கும் வெண்பட்டுதானே வெச்சாங்க?"

"எல்லாருக்கும்னா?"

ஆண்களுக்கு இது தெரியாது. மண்டபத்துக்குப் போனால் பந்தியைப் பார்ப்பார்கள், கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்தப் பெண்ணுக்கு என்ன பீரோ, எந்தக் கட்டில், எத்தனை குடம், எந்தக் கம்பெனி மெஷின் என்பதெல்லாம் பெண்கள் கணக்கு. பத்தொன்பது வருடம் அல்ல, ஐம்பது வருடமானாலும் மறக்காது. தன் வெண்பட்டு மற்றவர்களுடையதைவிடப் பெரிதா சிறிதா என்பதுவரை அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டவள் அவள். பாய் தேடி அலைகிற விவரம் எந்தக் கம்பெனியிலும் இல்லை. அது அவள் தலைக்குள் இருந்தது.

நோட்டை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தாள். கோபி பிருந்தா, சித்தி மகள், தை மாதம். பல்லடம் நித்யகலா. காங்கேயத்து அண்ணி. கூடப் படித்த ஜெபசெல்வி, அவள் கல்யாணம் சர்ச்சில், ஆனால் மெஷின் இதேதான். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இருபத்திமூன்று பெயர். ஒரு மெஷினுக்கு இரண்டு பம்ப்.

"நமக்கு ஒண்ணு" என்றாள். "மிச்சம் எத்தனை வந்தாலும் பாய் நோட்டுக்கு." மத்தியானம் கட்டிக்கொண்ட மெஷினை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பிருந்தாவைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் டிவி இரைந்தது.

"சொல்லுக்கா! அதிசயமா இருக்குது, நீயே கூப்புடறே!"

"ஒண்ணுமில்ல பிருந்தா. உன் சீர்ல வெச்ச வாஷிங் மெஷின், அந்த வெண்பட்டு... இன்னும் வெச்சிருக்கியா, எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டியா?"

அந்தப் பக்கம் டிவி நின்றது. ஒரு கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிருந்தாவின் குரல் திரும்பி வந்தபோது அது கிசுகிசுப்பாக இருந்தது.

"உங்க வீட்ல யாருக்குக்கா?"

சிந்துஜா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நோட்டைப் பார்த்தாள். அதில் அது முதல் பெயர்தான்.